ரெஸ்யூமேயில் இனம் எதற்கு?



சென்ற மாதம் சுவா சூ காங் அவென்யூ 4இல் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நம் தம்பி ஒருவர் தமது ரெஸ்யூமேயை நீட்டினார். ஐடிஇ முடித்தவர். ஏசி பழுதுபார்ப்பில் எட்டாண்டு அனுபவம். தாளின் மேலே படம். அடுத்து அடையாள அட்டை எண், பிறந்த தேதி, இனம், சமயம், மனைவி, இரண்டு பிள்ளைகள். எட்டாண்டு உழைப்பு எங்கே என்று தேடினால், அடியில் ஒரே வரி: "ஏசி சர்வீஸ்."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய விண்ணப்பப் படிவங்கள் இதையெல்லாம் கேட்டன. அப்பா எழுதினார், பிள்ளையும் எழுதுகிறார்.

இன்று கதை வேறு. வேலைக்குத் தொடர்பில்லாத இனம், சமயம், திருமண விவரங்களை விண்ணப்பத்தில் கேட்கக்கூடாது என்கின்றன முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள். அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றிக் கேட்பதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடு உண்டு. 2025 ஜனவரி 8ஆம் தேதி நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலைக்கு எடுப்பதிலும் இனம், சமயம், வயது போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. 2027 இறுதிக்குள் நடப்புக்குக் கொண்டுவரப்போவதாக அரசு அறிவித்தது. ஆனால் 25 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. நம்மவர்கள் பலர் வேலை தேடிப் போவது அத்தகைய சிறிய கடைகளுக்கும் பட்டறைகளுக்கும்தான். இந்த ஓட்டையை நாம் மறக்கக்கூடாது.

சரி, இனத்தை நீக்கிவிடலாம். பெயர் காட்டிக்கொடுக்காதா? காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்கு 50 விழுக்காடு கூடுதல் அழைப்பு. இன்னும் கசப்பானது ஒன்று: தகுதியைக் கூட்டி எழுதியபோது வெள்ளையர் பெயர்களுக்கு நல்ல பலன், கறுப்பினப் பெயர்களுக்கு மிகச் சொற்பம். ஆக, நல்ல ரெஸ்யூமே மட்டும் பாகுபாட்டைத் தீர்க்காது. சட்டமும் வேண்டும். அதற்காகப் பெயரை வெட்டி 'சாம்' ஆக்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

நம் கையில் இருப்பதைச் செய்வோம். தம்பியின் தாளைத் திருத்தினோம். படம் போயிற்று. சமயத்தை எடுக்கத்தான் தயங்கினார். "மறைக்கிற மாதிரி ஆகாதாண்ணே?" கேட்கக்கூடாததைச் சொல்லாமல் விடுவது மறைப்பதாகாது, தம்பி.

அந்த இடத்தில் அவர் வேலை ஏறியது. எந்த வகை இயந்திரங்கள், ஒரு நாளில் எத்தனை, எத்தனை மாடிக் கட்டடங்கள், எத்தனை பேரை வழிநடத்தினார் எனக் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனார். இதையெல்லாம் எழுதலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லையாம்! மலாய் சரளமாகப் பேசுவார்; அதையும் சேர்த்தோம். விளம்பரத்தில் உள்ள சொற்களையே, உண்மையாகச் செய்த வேலைக்குப் பயன்படுத்தினோம். ஒரு பக்கத்தில் முடிந்தது.

இன்னொன்று. 'மாண்டரின் பேசுவோர் மட்டும்' என்று காரணம் சொல்லாமல் விளம்பரம் வந்தால், தேதியோடு அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய விண்ணப்பத்தையும் வந்த பதிலையும் அழிக்காதீர்கள். நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டஃபெப்பிடம் புகார் கொடுக்கப் போகும்போது, இவைதாம் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.