சிரிப்பைச் சுமந்து செல்லும் அட்டை

டிசம்பர் மாதம் பிறந்ததும் கைப்பேசிகளில் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் படங்கள் வந்து குவிகின்றன. மின்னும் மரமும் ஒளிரும் மணியும் அவற்றில் உண்டு. ஒருவர் அனுப்பிய படத்தையே வேறு நால்வரும் அனுப்புகின்றனர். பார்த்த மறுகணமே அதை மறந்துவிடுகிறோம். வாழ்த்து என்பது ஒருவரை நினைத்து மற்றொருவர் செய்வது. ஆகவே கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை நாமே செய்ய வேண்டும். அதுவும் பெறுபவர் வாய்விட்டுச் சிரிக்கும்படி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்துரைக்கிறேன்.

அட்டை பிறந்த கதை

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843ஆம் ஆண்டு இலண்டனில் வெளியானது. ஹென்றி கோல் என்பவர் அதை வெளியிட்டார். ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியர் படம் வரைந்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர்தான், 1840இல், இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அஞ்சல் மலிவானதால் கடிதங்கள் பெருகின. நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே எழுத நேரமில்லாத கோல், அச்சிட்ட அட்டையை அதற்கு வழியாகக் கண்டார். ஏறத்தாழ 1000 படிகள் அச்சாகின. ஓர் அட்டையின் விலை ஒரு ஷில்லிங். அஃதாவது அஞ்சல் கட்டணத்தைப்போல 12 மடங்கு!

பின்னர் அட்டைகள் மலிவாயின. அவற்றில் நகைச்சுவையும் நுழைந்தது. ஆடை அணிந்த பூனைகளும் கால் முளைத்த பண்டங்களும் அட்டைகளில் உலவின. அக்காலத்து இங்கிலாந்தில் அஞ்சல்காரர்கள் செந்நிறச் சீருடை அணிந்தனர். மக்கள் அவர்களைச் சிவந்த மார்புடைய ‘ராபின்’ பறவையின் பெயரால் விளையாட்டாக அழைத்தனர். ஆதலால் ஓவியர்கள் அப்பறவையே கடிதம் கொண்டு வருவதுபோல் வரைந்தனர். அஞ்சல்காரரின் சீருடையை அறிந்தவர் அப்படத்தைக் கண்டு புன்னகைத்தனர். அறியாதவர் வெறும் பறவையைக் கண்டனர். நகைச்சுவையின் இயல்பு இது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒன்றிலிருந்தே சிரிப்புப் பிறக்கிறது. எல்லோருக்குமாக அச்சிடப்படும் அட்டையால் உங்கள் தாத்தாவின் குடையைப் பற்றியோ ஆச்சியின் மூக்குக்கண்ணாடியைப் பற்றியோ பேச முடியாது. உங்களால் முடியும்.

முத்திரையும் வெட்டும்

கையால் அட்டை செய்வோர் இரண்டு உத்திகளை மிகுதியாகக் கையாளுகின்றனர். ஒன்று, உருவம் செதுக்கிய முத்திரையை மையில் தோய்த்துப் பதிப்பது. மற்றொன்று, உருவத்தின் ஓரத்தை ஒட்டி வளைத்த எஃகுத் தகட்டை அட்டையின்மேல் அழுத்தி, அவ்வுருவத்தை அப்படியே வெட்டி எடுப்பது. சிவகாசி அச்சகங்களில் இதனை ‘டை கட்டிங்’ என்பர். நம் வீட்டு அச்சு முறுக்கை நினைத்தால் இது எளிதில் விளங்கும். ஓர் அச்சைக் கொண்டு ஒரே வடிவத்தைப் பல முறை உருவாக்கலாம்.

இவற்றுக்கென விலை உயர்ந்த கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை தேவையில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்தால் ஐந்து முனை விண்மீன் பதியும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பெரியவர் துணையுடன் வேண்டிய உருவத்தைச் செதுக்கலாம். பெருவிரலைப் பழுப்பு வண்ணத்தில் தோய்த்துப் பதித்து இரண்டு கொம்புகள் வரைந்தால் கலைமான் ஆகிவிடும். அந்த முத்திரை வேறு எவரிடமும் இருக்க முடியாது.

சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

மடித்த அட்டை நகைச்சுவைக்கு ஏற்ற மேடை. வெளிப்பக்கம் ஒன்றை எதிர்பார்க்க வைக்கும். உட்பக்கம் வேறொன்றைக் காட்டும். வெளிப்பக்கத்தில் வீட்டு வாசல் வடிவத்தை வெட்டித் திறந்து, “கிறிஸ்துமஸ் தாத்தா இன்னும் ஏன் வரவில்லை?” என்று எழுதுங்கள். வாசல் வழியே சிவப்புத் தொப்பி மட்டும் தெரியட்டும். அட்டையைத் திறந்தால், கிறிஸ்துமஸ் தாத்தா சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார்; மடியில் ஒரு பெரிய தூக்குவாளி. “ஆச்சி சுட்ட அச்சு முறுக்கு இன்னும் தீரவில்லை!” இதைக் கண்டு எல்லோரையும்விட மிகுதியாகச் சிரிப்பவர் அந்த ஆச்சியாகத்தான் இருப்பார்.

தில்லியில் கம்பளிக்குள் நடுங்கும் பேரன், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் வாழும் தாத்தாவுக்கு வேறோர் அட்டை செய்யலாம். அதில் கலைமான்கள் குடை பிடித்துச் சேற்றில் வண்டியை இழுக்கட்டும். இரண்டு ஊர்களின் வானிலையும் ஒரே அட்டையில் சந்தித்துவிடும்.

இடவலம் மாறிய எழுத்து

நான் ஆறாம் வகுப்புப் பயின்றபோது எங்கள் குடும்பம் நாகபுரியில் இருந்தது. தாத்தா பாளையங்கோட்டையில் இருந்தார். ஆண்டுதோறும் அவருக்குக் கடையில் வாங்கிய அட்டையில் ஆங்கிலத்தில் என் பெயரை மட்டும் எழுதி அனுப்புவேன். தமிழில் எழுதினால் பிழை வருமே என்ற கூச்சம்தான் காரணம்.

அவ்வாண்டு உருளைக்கிழங்கில் ‘தாத்தா’ என்று செதுக்கிப் பதித்தேன். முத்திரையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதை நான் அறியேன். எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறி விழுந்தன. கால்கள் தகரத்துக்கு முன்னே வந்து நின்றன. வீட்டில் எஞ்சியிருந்த கிழங்குகளை அம்மா குழம்பில் போட்டுவிட்டார். வேறு வழியின்றி அதன் கீழே இவ்வாறு எழுதினேன்: “தாத்தா, நாங்கள் வடக்கே வந்ததால் தமிழும் திசை மாறிவிட்டது. கண்ணாடியில் பார்க்கவும்.”

இரண்டு வாரம் கழித்துத் தாத்தாவின் அஞ்சலட்டை வந்தது. முகவரியைத் தவிர எல்லா எழுத்துகளையும் அவர் இடவலம் மாற்றியே எழுதியிருந்தார்! அன்று மாலை முழுவதும் நான் நிலைக்கண்ணாடியின் முன் நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். என் எழுத்துப் பிழைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. “அடுத்த கடிதத்தை நேராக எழுது, எனக்குக் கழுத்து வலிக்கிறது” என்று முடித்திருந்தார். அதன்பின் நான் அவருக்குத் தமிழிலேயே எழுதினேன். பிழைகள் இருந்தன, கூச்சம் போய்விட்டது.

மறுப்பும் விடையும்

“திருநாள் புனிதமானது, அதில் நகைச்சுவை தகுமா?” எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வழிபாட்டுக்குரியவற்றைக் கேலிப்பொருள் ஆக்குதல் தவறு. குடிலையும் குழந்தை இயேசுவையும் விட்டுவிடுங்கள். தொப்பையும் தாடியும் கொண்ட கிறிஸ்துமஸ் தாத்தா நம்மோடு சேர்ந்து சிரிப்பார். அதுபோலவே ஒருவரின் உடலையோ நிறத்தையோ வறுமையையோ பேச்சையோ நகையாடும் அட்டை வாழ்த்து ஆகாது. யாரைப் பார்த்துச் சிரிப்பது என்ற ஐயம் எழுந்தால், உங்களைப் பார்த்தே சிரித்துவிடுங்கள்.

“இதற்கு நேரம் ஏது? கைப்பேசியில் நொடியில் அனுப்பலாமே!” என்பர் வேறு சிலர். உண்மைதான். அவசரச் செய்திக்குக் கைப்பேசியே சிறந்தது. ஆனால் முதல் அட்டையை அச்சிட்டவர் நேரத்தை மிச்சப்படுத்த எண்ணினார். நாமோ கையால் செய்யும்போது அந்த நேரத்தையே பரிசாகக் கொடுக்கிறோம். ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒருவரை நினைத்திருந்தோம் என்பதற்கு அந்த அட்டை சான்றாக நிற்கிறது.

“காகிதம் வீணாகாதா?” என்ற கேள்வியும் உண்டு. பழைய நாட்காட்டி அட்டைகளும் திருமண அழைப்பிதழ்களும் இதற்குப் போதும். மினுமினுப்புத் தூள் பெரும்பாலும் நெகிழியால் ஆனது, அதைத் தவிர்த்துவிடலாம்.

நிறைவாக

தாத்தா மறைந்தபின் அவருடைய பெட்டியைத் திறந்தோம். கடையில் வாங்கி நான் அனுப்பிய அட்டைகளுள் ஒன்றுகூட அதில் இல்லை. உருளைக்கிழங்கு அட்டை இருந்தது. வண்ணம் மங்கியிருந்தது. அதன் பின்புறம் ஒரு சிறிய முகக்கண்ணாடியும் வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் அந்த அட்டையைக் கண்ணாடியோடு சேர்த்தே காட்டுவாராம்.

இவ்வாண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடும் உறவினரோ நண்பரோ உங்களுக்கும் இருப்பார். அவர் எதற்குச் சிரிப்பார் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். பிறகு ஒரு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு அமருங்கள்.