பதிவேட்டில் இருக்கும் கையுறை

பெங்களூரின் பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் பல கம்பெனிகளின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, கனத்த காலணி எல்லாம் அணிந்த தொழிலாளி ஒருவர் அதில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எழுத்து கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தாலும் படத்துக்கு மொழி வேண்டாம். தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்தவர்களுக்கும் அது புரியும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் புரியாமல் போகிறது. ரப்பர் செருப்போடு பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவரும், வெறுங்கண்ணோடு கிரைண்டிங் செய்பவரும் அங்கே சர்வசாதாரணம்.

ஆனால் ஸ்டோரில் ஒரு பதிவேடு இருக்கும். இன்ன தேதியில் இன்னாருக்கு ஒரு ஜோடி காலணி, இரண்டு ஜோடி கையுறை என்று எழுதி, எதிரே கையெழுத்தும் இருக்கும். பொருள் வராமலே கையெழுத்து வாங்கும் வழக்கம் சிறு பட்டறைகளில் புதிதல்ல. "அடுத்த வாரம் வந்துடும்பா, இன்ஸ்பெக்ஷன் வருது, போட்டுக் குடு" என்பார் சூப்பர்வைசர். கேட்பவரும் தமிழர், போடுபவரும் தமிழர். ஏட்டை எழுதும் குமாஸ்தாவும் சில இடங்களில் தமிழர்தான். வேலைக்குச் சேர்த்துவிட்ட ஊர்க்காரர் கேட்கும்போது முகத்தை முறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை.

அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை என்பது விபத்து நடந்த பிறகுதான் தெரியும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தே ஒரு சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்று கழற்றினாலோ, அலட்சியம் செய்தாலோ, அதனால் நேரும் காயத்துக்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டியதில்லை. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் மட்டும் முதலாளி இப்படித் தப்ப முடியாது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதை விட்டுவிடவில்லை. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று சட்டத்தின் அட்டவணை கணக்கிடுகிறது. அது முழு ஊனம் ஆகாது. இ.எஸ்.ஐ.யில் பதிவாகாத ஒரு தொழிலாளி விரலை இழந்துவிட்டு நஷ்டஈடு கேட்டு நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டக்கூடிய முதல் காகிதம் அந்தப் பதிவேடு. சாதனம் கொடுக்கப்பட்டது இவருக்குத் தெரியும் என்பதற்கு இவருடைய கையெழுத்தே சாட்சி. கைக்கு வராத கையுறை கோர்ட்டுக்கு வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரஸ் மெஷினில் கையுறை விரலைக் காப்பாற்றாது. டன் கணக்கில் அழுத்தும் டையின் கீழே தோல் என்ன, ரப்பர் என்ன? கை நுழைய முடியாத தடுப்பும், இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் இறங்கும் ஏற்பாடும்தான் அங்கே விரலைக் காப்பவை. டிரில்லிங், லேத் போன்ற சுழலும் யந்திரங்களில் கையுறை அணிவதே ஆபத்து. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே "எல்லாருக்கும் கையுறை கொடுத்துவிட்டோம்" என்று நிர்வாகம் சொல்வதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆபத்தை அதன் இடத்திலேயே அடக்குவது முதல் வேலை. அடக்கிய பிறகும் மிஞ்சுவதற்குத்தான் உடம்பின் மேல் போடும் கவசம். தடுப்புக்குப் பணம் ஆகும், யந்திரத்தின் வேகம் குறையும், கையுறை மலிவு. முறை தலைகீழாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வட ஆற்காடு முதலான மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை செய்த இடம் அது. பாறையைத் துளைத்தபோது எழுந்த சிலிக்கா தூசு எத்தனையோ பேரின் நுரையீரலைக் கல்லாக்கியது. அந்த நோயின் பெயர் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காச நோய் என்று தவறாக நினைத்து வைத்தியம் செய்வதும் உண்டு. சிலிகோசிஸ் வந்தவரைக் காச நோய் எளிதில் பற்றுவதும் உண்மை. வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் அது தலைகாட்டும். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரன்களும் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள்.

வந்து சேரும் வேலையிலும் அதே தூசு காத்திருக்கிறது. ஜிகணியின் கிரானைட் பட்டறைகளில் கல்லை அறுப்பவர்கள், அடுக்குமாடிக் கட்டடங்களில் கட்டர் வைத்து டைல்ஸ் வெட்டுபவர்கள், சுவரில் ஒயருக்குக் காடி எடுப்பவர்கள் எல்லாரும் சுவாசிப்பது சிலிக்காவைத்தான். பெரும்பாலும் மூக்கில் கட்டியிருப்பது கைக்குட்டை. கண்ணுக்குத் தெரியும் தூசை அது ஓரளவு தடுக்கும். கெடுதல் செய்வதோ கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு. அது துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்வரும். ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள வடிகட்டி முகமூடியே இதற்கு உரியது. அதுவும் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. அதற்கும் முன்னதாக, அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டால் தூசு எழும்புவதே வெகுவாகக் குறையும். ஒரு ரப்பர் குழாயும் ஒரு வாளித் தண்ணீரும் பிடிக்கும் செலவைச் சேமிக்கும் காண்ட்ராக்டர், முகமூடி வாங்கித் தருவார் என்று எதிர்பார்ப்பது பேராசைதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தூசைத் தடுக்கும் முகமூடி விஷ வாயுவைத் தடுக்காது. கழிவுநீர்த் தொட்டிக்குள் அதை மாட்டிக்கொண்டு இறங்குவது தற்கொலைக்கு ஒப்பு. உரிய கவசமும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு உயர்த்தியது. அபார்ட்மெண்ட் சங்கங்களின் காரியதரிசிகளில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்களோ!

கட்டட வேலையில் சித்தாள் பெண்களின் நிலை தனிக் கதை. செங்கல்லும் கலவையும் தலையில் சும்மாடு வைத்துத்தான் ஏறுகின்றன. சும்மாட்டுக்கு மேல் ஹெல்மெட் எப்படி உட்காரும்? ஆகவே மேஸ்திரியின் தலையில் கவசம் இருக்கிறது, சாரத்தின் கீழே நாளெல்லாம் நடக்கும் பெண்ணின் தலையில் கல் இருக்கிறது. தள்ளுவண்டியும் பாரம் ஏற்றும் லிஃப்டும் வந்தால்தான் அந்தத் தலைக்குக் கவசம் சாத்தியம். காலணியும் கையுறையும் ஆண்களின் அளவிலேயே வாங்கிக் குவிக்கப்படுகின்றன. பொருந்தாத காலணி தடுக்கி விழவே உதவும்.

தொழிலாளர் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. வெயிலில் புழுங்குகிறது, கண்ணாடியில் வியர்வை படிகிறது என்று கழற்றுகிறார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குக் கையுறை போட்டால் கை ஓடுவதில்லை, கை ஓடாவிட்டால் கூலி இல்லை. இதை வெறும் அசட்டை என்று வைதுவிடுவது எளிது. கூலி கணக்கிடும் முறையே கவசத்தைக் கழற்றச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் வார்களை அறுத்தெறிந்துவிட்டு, துண்டைச் சுற்றி அதன்மேல் கவிழ்ப்பவர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விழும் கல்லின் வேகத்தை வாங்கிக்கொள்வது வெளியே உள்ள ஓடு மட்டுமல்ல, ஓட்டுக்கும் மண்டைக்கும் நடுவே அந்த வார்கள் தரும் இடைவெளியும்தான். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் இதற்கு மாற்று அல்ல. வேலைக்கான ஹெல்மெட்டுக்குத் தர எண் ஐ.எஸ். 2925.

காலணிக்கும் தலைக்கவசத்துக்கும் கூலியில் பிடித்தம் செய்யும் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி, பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. உடனடி ஆபத்து இருப்பதாக நினைத்தால் முதலாளியிடம் முறையிடவும் உரிமை உண்டு. மேஸ்திரி மூலம் வராமல் தானாகவே வேறு மாநிலத்துக்கு வந்து வேலை தேடிக்கொண்டவரையும், மாதம் 18,000 ரூபாய் சம்பள வரம்புக்குள், புலம்பெயர்ந்த தொழிலாளியாக இந்தச் சட்டம் ஏற்கிறது. 1979-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இது இல்லை. இவ்வளவும் நல்லதே. ஆனால் மின்சாரம் உபயோகிக்கும் பட்டறை ஃபாக்டரி ஆவதற்கு முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். பீன்யாவின் சந்துகளில் பன்னிரண்டு பேரும் பதினைந்து பேருமாக நடக்கும் பட்டறைகளுக்கு ஃபாக்டரி என்ற பெயரே போய்விட்டது. விரல் அதிகம் போகும் இடங்களில் கண்காணிப்பு குறைவது எந்த விதத்தில் நியாயம் என்று சட்டம் இயற்றியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை ஏட்டை எழுதும் குமாஸ்தாவின் பேனாவுக்குக் கொஞ்சம் பலம் உண்டு. காலணி என்று மொத்தமாக எழுதாமல் அளவு, ஐ.எஸ். எண், உண்மையாகக் கொடுத்த தேதி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் போட்டால், வராத பொருளுக்குக் கையெழுத்து வாங்குவது கடினமாகும். வேலை போய்விடும் என்ற பயம் குமாஸ்தாவுக்கும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. கட்டம் போட்டதற்காக யாரும் வேலையை விட்டு நீக்கிவிட முடியாது. கையெழுத்துக் கேட்கப்படும் தொழிலாளி தன் பெயருக்கு மேலே "பொருள் வரவில்லை" என்று இரண்டு சொல் எழுதலாம். கன்னடம் எழுதத் தெரியாவிட்டால் தமிழில் எழுதலாம், அதுவும் செல்லும்.