கேசட்டில் கேட்கும் இன்னொரு குரல்

கர்நாடக சங்கீதத்தில் ராக் ஸ்டார் யார் என்று கேட்டால் நான் மாண்டலின் சீனிவாஸ் என்பேன். 1981ல் சென்னை சபா மேடையில் எலெக்ட்ரிக் மாண்டலினோடு உட்கார்ந்தபோது வயசு 12. பதினாலு வயசில் பெர்லின் ஜாஸ் விழா. பிற்பாடு ஜான் மெக்லாஃப்லினோடு ரிமெம்பர் ஷக்தி. 2014ல், 45 வயசிலேயே போய்விட்டார்.

அவருடைய சின்ன வயசுப் பதிவு எதையாவது போட்டால் நம்ம ஆட்கள் உடனே சொல்வது, "பார்த்தீங்களா, அப்பவே என்ன வேகம்!" ரிசல்ட் வந்தப்புறம் "இவன் பாஸாவான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்கிற கதைதான் :-)

அந்தப் பதிவுகளில் நான் தேடுவது இன்னொருவரை. ருத்ரராஜு சுப்பராஜு, சீனிவாஸின் குரு. அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் கொண்டுவர வேண்டும். மாண்டலினோ மீட்டிய உடனே அடங்கிவிடுகிற வாத்தியம். கமகத்துக்குக் குரல் மாதிரி இழுபட வேண்டும். இரட்டைக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கும் எலெக்ட்ரிக்குக்கும் போனது சும்மா ஸ்டைலுக்கு இல்லை. ஆக, பையன் விரலில் வருவது ஒரு வாத்தியாரின் பாட்டு. அந்த வாத்தியார் செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். செம்பை இங்கே நம்ம பாலக்காட்டுப் பக்கம்தான்.

எம்.எஸ். பத்து வயசில், 1926ல், பாடிய முதல் இசைத்தட்டிலும் வீணை வாசித்தது அம்மா சண்முகவடிவு. ஜான் லெனனுக்கு 16 வயசு இருக்கும்போது, 1957 ஜூலை 6 அன்று, லிவர்பூலில் ஒருவர் டேப்பில் பிடித்தது 1994ல் 78,500 பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த நாளில் லெனன் கிடாரில் பிடித்ததெல்லாம் அம்மா ஜூலியா கற்றுக்கொடுத்த பாஞ்சோ கார்டுகள். ஏலத்தில் அம்மாவுக்கு யார் விலை போட்டார்கள்?

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் வீட்டு கேசட் ஒன்று. 1986ல் அக்கா பாடியது. ஒவ்வொரு டிரான்ஸ்பருக்கும் கூடவே வந்து, இப்போது இந்தச் சாலைக் கடைத்தெருப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறது. இந்த ஊர் மழைக்கு டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்காது. துபாயில் இருக்கிற அக்கா போனில், "டேய், டிஜிட்டல் ஆக்கும்போது டீச்சர் சத்தத்தை எடுத்துடச் சொல்லு. என் குரல் மட்டும் போதும், பொண்ணுக்குப் போட்டுக் காட்டணும்" என்றாள். மாற்றித் தருகிறவரும் "கிளீன் பண்ணிடலாம் சார்" என்கிறார்.

நகைக் கடனில் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு மதிப்பு போடுவோம். அந்தக் கணக்கை இதில் போட முடியாது. நடுநடுவே "சுருதி, சுருதி" என்று அதட்டுகிற டீச்சர் இப்போது உயிரோடு இல்லை. அவர் குரல் வேறெங்கும் இல்லை. அக்காவும் பாடகியாகவில்லை. அந்தப் பெண் டீச்சரின் அதட்டலையும் கேட்கட்டுமே.

எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்குக் கோபம்தான்.

உங்கள் பரணிலும் இருக்கும். பூஞ்சை பிடித்ததை அப்படியே பிளேயரில் போடாதீர்கள், டேப்போடு ஹெட்டும் கெடும். முதலில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். சத்தத்தில் மட்டும் கை வைக்காத ஒரு பிரதி வேண்டும். லேபிளில் பிள்ளை பெயருக்குக் கீழே வாத்தியார் பெயரையும் எழுதுங்கள். காயலான் கடைக்கு இங்கே ஆக்ரி கடை என்று பேர். அங்கே கேசட்டையும் எடை போட்டுத்தான் எடுக்கிறார்கள்.