கொக்கியில் எத்தனை கிலோ?

எங்கள் தோட்டத்தில் பால் வண்டி ஓட்டும் தோழர் ஒருவருக்கு, சென்ற ஆண்டு இறுதி மழையின்போது நிர்வாகம் காரணம் கோரும் கடிதம் கொடுத்தது. குளுவாங் பக்கத்துச் செம்மண் மேட்டில், பாதித் தொட்டி பாலுடன் ஏறிக்கொண்டிருந்த டிராக்டர் சறுக்கிப் பின்னுக்கு வந்து, டிரெய்லர் மடங்கிக் கானில் விழுந்தது. பால் போனது, தோழரின் கால் முறிந்தது. “கவனக் குறைவு” என்று ஒரே சொல்லில் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. வண்டியைப் பரிசோதித்தார்களாம், குறை ஒன்றும் இல்லையாம்.

நான் கிராணி. டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். ஆகவே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டியண்டை போனேன்.

எனக்குக் கணக்கின் வழியைக் காட்டியவர் லயத்துப் பெரியவர் ஒருவர். சிறு வயதில் மாட்டு வண்டி ஓட்டியவர். டிரெய்லரை ஒரு பார்வை பார்த்தார். “முன்பாரம் பத்தாது தம்பி, பின்பாரமா நிக்குது” என்றார். அவ்வளவுதான்! மாட்டு வண்டியில் மூட்டையைப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். இன்னும் மிஞ்சினால் வண்டி குடை சாயும். முன்னால் மிகுதியாக அடுக்கினாலோ மாடு அழுந்தும். “கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காருங்க” என்று வண்டிக்காரர் சொல்வது மரியாதைக் குறைவினால் அன்று. டிராக்டர் கொக்கியில் டிரெய்லர் அழுத்தும் பளுவும் அதே முன்பாரம்தான்.

ஒட்டுப்பால் நிறுத்த டாச்சிங் கோலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கல்லை நுனிக்குத் தள்ளத் தள்ளச் சிறிய கல் பெரிய மூட்டையைத் தூக்குகிறதல்லவா? இரண்டு சக்கர டிரெய்லரில் அச்சுதான் பிடிகயிறு. பளுவின் நடு இடம் அச்சுக்கு எத்தனை சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறதோ, அதனால் பளுவைப் பெருக்குங்கள். கொக்கிக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். வருவது கொக்கியில் விழும் பாரம். பளு அச்சுக்குப் பின்னால் இருந்தால் அத்தனை கிலோ கொக்கியை மேலே தூக்கும். (முன் அச்சும் உள்ள நாலு சக்கர டிரெய்லருக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.)

எங்கள் வண்டியில் கொக்கியிலிருந்து அச்சு 250 சென்டிமீட்டர். வெறும் டிரெய்லர் தொட்டியுடன் 420 கிலோ. அப்போது கொக்கியில் 40 கிலோ விழுகிறது. நல்லது. ஆனால் தொட்டியின் நடு இடம் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது! முன்பக்கத்தில் வாளியும் சாமானும் வைக்க இடம் வேண்டுமென்று எப்போதோ தொட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். பழைய போல்ட் துளைகள் 40 சென்டிமீட்டர் முன்னால் சாட்சியாக நின்றன.

பால் தண்ணீரைவிடச் சற்று லேசு. 500 லிட்டர் ஏறக்குறைய 490 கிலோ. அதை 20 ஆல் பெருக்கி 250 ஆல் வகுத்தால் 39. இது கொக்கியைத் தூக்கும் 39. வெறும் வண்டியின் 40-இல் கழித்தால் மிஞ்சுவது ஒரே ஒரு கிலோ! அதுவும் சமதரையில். மேடு ஏறும்போது பாதித் தொட்டிப் பால் சும்மா இருக்குமா? பின்னுக்கு ஓடும். அதன் நடு இடம் இன்னும் 10 சென்டிமீட்டர் நகர்ந்தாலே மேலும் 20 கிலோ போய்விடும். கொக்கி மேலே இழுக்கப்படும். பாரம் கூடக் கூட இழுக்கும் சக்கரத்துக்குப் பிடி கூட வேண்டியதிருக்க, இங்கே பிடி குறைகிறது. தொட்டி பழைய துளையில் இருந்திருந்தால் அதே பாலுக்குக் கொக்கியில் 79 கிலோவுக்குக் குறையாமல் விழுந்திருக்கும்.

பரிசோதனையில் ஏன் குறை தெரியவில்லை என்கிறீர்களா? தொட்டியைக் காலி செய்துவிட்டு, சிமெண்டுத் தரையில் நிறுத்திப் பார்த்தார்கள்! காலி வண்டி 40 கிலோ காட்டாமல் வேறென்ன காட்டும்?

இது ஒன்றே விபத்துக்குக் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. மழை பெய்தது; பின் டயரும் தேய்ந்திருந்தது. ஆனால் தொட்டியைத் தள்ளியவர் ஓட்டுநர் அல்லர், டயர் வாங்காதவரும் அவரல்லர்.

சுற்றுலாவுக்குக் காரின் பின்னால் வீட்டு வண்டியை இழுத்துப் போகும் வெளிநாட்டார் இந்த முன்பாரத்தைச் சரி பார்க்காமல் புறப்படுவதில்லை. அமெரிக்காவில் வண்டியின் மொத்தப் பளுவில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும் என்பார்கள். பிரிட்டனில் 5 முதல் 7. குறைந்தால் வேகத்தில் வண்டி பாம்பாக ஆடும். டிராக்டர் மெதுவாகப் போவதால் அந்த ஆட்டம் குறைவு. நமக்குச் சறுக்கல்தான் எமன். மிதமிஞ்சி வைத்தாலும் ஆபத்து, முன் சக்கரம் லேசாகித் திருப்பினால் திரும்பாது. டிராக்டர்ப் புத்தகத்தில் கொக்கிக்கு எத்தனை கிலோ வரை என்று போட்டிருக்கும். அந்தப் புத்தகம் ஆப்பீஸ் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது!

நிறுத்துப் பார்ப்பதும் பெரிய வித்தையன்று. சமதரையில், பால் எந்த அளவில் போகிறதோ அதே அளவில் நிரப்பி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கியின் உயரத்துக்கே முட்டுக் கொடுத்து, ஸ்டோர்த் தராசின் மேல் இழுகம்பியை இறக்க வேண்டும். ஒன்றை மறக்கலாகாது: பின்பாரமுள்ள வண்டியின் ஊசியைக் கழற்றினால் இழுகம்பி திடீரென்று எகிறித் தாடையை உடைக்கும். முதலில் பின்பக்கம் முட்டுக் கொடுங்கள்.

நம்மவர் பக்கமும் ஒரு தவறு உண்டு. வேலை முடிந்து இரண்டு பேர் டிரெய்லரின் வால்பக்கம் காலைத் தொங்கவிட்டு வருகிறோம். ஆளுக்கு 60 கிலோ, அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொண்டால் கொக்கியில் 48 கிலோ குறைகிறது. டிரெய்லர் ஆள் ஏறும் வண்டியே அன்று. ஆனால் வேறு வண்டி கொடுக்காமல் “ஏறாதே” என்று பலகை மட்டும் மாட்டுவது எந்த நியாயம்?

1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டத்துக்கும் உண்டு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்வேலையை விட்டு விலகி நிற்கலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. “நம்பத் தக்க காரணம்” என்பதற்கு, என்னைக் கேட்டால், தராசுச் சீட்டைவிட நல்ல காகிதம் இல்லை.

கடிதம் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. விசாரணைக்கு நானும் போகிறேன், நாடாவும் சீட்டும் கையில் உண்டு. தொட்டியை மட்டும் சென்ற வாரம், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பழைய துளைக்கே நகர்த்திப் பூட்டிவிட்டார்கள். நகர்த்துவதற்கு முன்பே நான் படம் எடுத்து வைத்துவிட்டேன்.