பெயர் சொல்லாவிட்டால் ஆளே இல்லையா?

சென்ற இதழில் வெளியான கட்டுரை மூன்று தீர்ப்புகளை எழுதியிருக்கிறது. தமிழ் மரபில் தனிமனிதர் என்று யாரும் இருந்ததில்லை, அவர் ஆங்கிலேயரின் கப்பலில் வந்து இறங்கியவர் என்பது முதல் தீர்ப்பு. கூட்டமாக வாழ்வதே மனித இயல்பு, தனித்து நிற்க விரும்புவது நோய் என்பது இரண்டாவது. ஆகவே, ஒற்றை மனிதரின் ஆசையையும் அவமானத்தையும் எழுதும் நவீன இலக்கியம் சமூகத்தைக் குலைக்கிறது என்பது மூன்றாவது. முதலாவது படிக்காததால் வந்த பிழை. இரண்டாவது பாதி உண்மையைக் காட்டி முழுப் பொய்யை விற்பது. மூன்றாவது ஆபத்தானது, அதற்காகத்தான் இந்த எதிர்வினை.

முதல் தீர்ப்புக்குக் கட்டுரையாளர் காட்டும் ஒரே சான்று, அகப்பாடல்களில் பெயர் கிடையாது என்பது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று எல்லாரும் பொதுப்பாத்திரங்கள், ஆகவே தமிழர் மனிதரை வகையாகத்தான் கண்டார்கள் என்கிறார். ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் விதிப்பது உண்மை. ஆனால் அந்த விதி ஒத்த அன்பைப் பாடும் ஐந்திணைக்கு உரியது. ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டால் பாட்டு புறமாகிவிடும். நெடுநல்வாடையில் பாண்டியனின் வேம்பு அடையாளம் வந்துவிட்டது என்பதற்காகவே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறத்தில் சேர்த்தார். அதே புலவர்கள் புறத்தில் பாரியையும் குமணனையும் கோப்பெருஞ்சோழனையும் பெயர் சொல்லியே பாடினார்கள். ஆளை ஆளாகப் பார்க்கத் தெரியாதவர்கள் இப்படி வரம்பு கட்டியிருக்க முடியாது. இருவருக்குள் நிகழ்வது ஊரார் விரல் நீட்டிக் காட்டும் பொருளாகக் கூடாது என்ற காப்பாகவே நான் அந்த விதியை வாசிக்கிறேன். கட்டுரையாளரோ காப்பைக் காட்டி, உள்ளே யாருமே இல்லை என்கிறார்.

அந்தப் பாடல்களுக்குள் நடப்பதையாவது அவர் பார்த்திருக்கலாம். களவுக் காதலை ஊர் அலர் தூற்றுகிறது. தாய் மகளை வீட்டுக்குள் அடைக்கிறாள், அது இற்செறிப்பு. வேறொருவன் பெண் கேட்டு வருகிறான். அவளோ தான் தேர்ந்தவனைத் தவிர வேறு யாரையும் ஏற்க மறுக்கிறாள். தோழி உண்மையைச் செவிலிக்கு உடைக்கிறாள். அதுவும் பலிக்காவிட்டால் இருவரும் பாலை வழியே ஊரை விட்டுப் போகிறார்கள். ஊரும் குடும்பமும் ஒரு பக்கம், ஒரு பெண்ணின் மனம் மறுபக்கம் என்று நிறுத்தி, மரபு அந்த மனத்தின் பக்கம் நின்றது. அவள் தேர்வை வெளிப்படுத்துவதற்கு அறத்தொடு நிற்றல் என்றே பெயர் வைத்தது. இது கூட்டத்துக்குள் கரைந்துபோன மனிதரின் இலக்கியம் என்றால், கரையாத மனிதர் எப்படித்தான் இருப்பார்?

குறுந்தொகையைத் தொகுத்தவர்களைப் பாருங்கள். பெயர் தெரியாத புலவர்களுக்கு, அவரவர் பாட்டில் மட்டுமே உள்ள ஒரு தொடரால் பெயர் வழங்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார். குலம் தெரியாது, ஊர் தெரியாது. இந்த உவமை இவருடையது, வேறு யாருக்கும் இது தோன்றவில்லை என்பது மட்டும் தெரியும். அதுவே ஒருவரின் அடையாளத்துக்குப் போதும் என்று கருதிய மரபைப் பார்த்துத் தனித்துவம் அறியாதது என்று சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும்.

தனித்து நின்றவர்களும் இந்த மரபில் உண்டு. அதியமான் நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசைப் புலவர் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். வறுமை அவரைத் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் தன்னை அறிந்து தராத கொடை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மணிமேகலை கணிகையர் குலத்தில் பிறந்தவள். பாட்டி சித்திராபதி குலத்தொழிலுக்கு இழுக்கிறாள், அரசகுமாரன் துரத்துகிறான். இரண்டையும் உதறிவிட்டு அவள் தன் வழியைத் தேர்கிறாள். கணியன் பூங்குன்றனாரைத் தன் கட்சிக்கு இழுக்கும் கட்டுரையாளர் முதல் அடியோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த அடியே ஒருவரின் நன்மை தீமைக்கு அவரையே பொறுப்பாக்குகிறது. அதுவரை படித்திருந்தால் அவருடைய வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

மனித இயல்புக்கு வருவோம். மனிதர் பிறரோடு சேர்ந்தே வாழ முடியும் என்பதை யாரும் மறுக்கவில்லை. பிறந்த குழந்தை பிறர் கையில்லாமல் ஒரு நாள் தாங்காது. பேசும் மொழியே பிறர் தந்தது. ஆனால் பிறரோடு வாழ்வது ஒன்று, பிறர் சொன்னபடி வாழ்வது வேறொன்று. முதலாவது இயல்பு. இரண்டாவது அதிகாரம். கட்டுரையாளர் இயல்பின் பெயரைச் சொல்லி அதிகாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறார். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சோற்றை உண்டு வளர்ந்த இருவர் இருவேறு மனிதராவதும் இயல்புதான். அந்தப் பாதியை அவர் மறைத்துவிட்டார்.

இனி அவர் மெச்சும் அந்தக் கிராமக் கூட்டு வாழ்வு. அதன் கிணற்றில் நீர் எடுக்க யாருக்கு உரிமை இருந்தது? அதன் தெருவில் செருப்போடு நடக்க யாரால் முடிந்தது? அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பின் வரைவை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக வெளிப்படையாக மகிழ்ந்தார். மேல்நாட்டு மோகத்தால் அவர் அப்படிப் பேசவில்லை. கூட்டம் என்ன செய்யும் என்பதைத் தன் உடம்பால் அறிந்தவர் அவர். புரோகிதர் இல்லாமல் இருவர் தங்கள் சொல்லாலேயே மணந்துகொள்ளலாம் என்று சுயமரியாதை இயக்கம் காட்டிய வழிக்கு, அண்ணா தலைமையிலான அரசு 1967இல் சட்டம் இயற்றியது. தனிமனித உரிமையைக் கேட்டவர்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும், வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பெண்களும். இதை வசதி படைத்தவர்களின் ஆங்கிலப் பழக்கம் என்று எழுதுவது அவர்களை அவமதிப்பது.

மூன்றாவது தீர்ப்புக்கு வருகிறேன். நவீன இலக்கியம் சமூகத்தைக் குலைக்கிறதாம். 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், கெடுக்கப்பட்டு மழையில் வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, ஊர் அறியாமல் அவளை அணைத்துக்கொள்கிறாள். அதற்கே பெரும் கண்டனம் எழுந்தது. பிறகு எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், அதே தாய் கூச்சலிட்டு ஊருக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று அவர் காட்டினார். ஒரு தாயின் ஒரு நொடி முடிவில் ஒரு பெண்ணின் ஆயுளே திரும்புகிறது. மனித இயல்பைப் பற்றி இதைவிடக் கூர்மையான விசாரணையைக் கட்டுரையாளரின் கூட்டு மனம் எங்கே செய்திருக்கிறது?

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. காளியும் பொன்னாவும் ஒருவருக்கொருவர் நிறைவாக வாழ்பவர்கள். குழந்தை இல்லை என்ற பேச்சால் உறவும் ஊரும் அவர்களை அரித்துத் தின்கின்றன. சங்கத் தலைவியைத் தூற்றிய அதே அலர்தான் பொன்னாவையும் தூற்றுகிறது. நாவல் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, சமூகத்தின் மனம் புண்பட்டதென்று ஒரு கூட்டம் கிளம்பியது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய பேச்சுவார்த்தையில் எழுத்தாளரிடம் நிபந்தனையற்ற மன்னிப்புக் கையெழுத்து வாங்கப்பட்டது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், நூலுக்கு எதிரான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்து, அவர் மீண்டும் எழுத வர வேண்டும் என்றது. ஓர் எழுத்தாளரை வாய்மூட வைக்க அன்று திரண்டவர்களுக்கு ஒரு கோட்பாடு தேவைப்பட்டிருந்தால், கட்டுரையாளரின் கட்டுரையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். அதன் ஆபத்து இதுதான்.

சமூகம் விரும்புகிறது, சமூகம் வெறுக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறாரே, அந்தச் சமூகத்துக்கு வாய் எது? எப்போதும் சிலர் பேசுகிறார்கள். மற்றவர்கள் பேசவிடாமல் நிறுத்தப்படுகிறார்கள். பேசவிடாமல் நிறுத்தப்பட்டவரின் குரலைக் கேட்கச் செய்வதுதான் சங்கப் புலவர் வெள்ளிவீதியார் முதல் இன்றுவரை நம் இலக்கியம் செய்துவரும் வேலை. அதை நிறுத்தச் சொல்லக் கட்டுரையாளருக்கு மரபின் ஆதரவு இல்லை, மனித இயல்பின் ஆதரவும் இல்லை. அவர் தன் வாதத்தைத் திரும்பப் பெற வேண்டும்.