கரண்ட் பெல்ட்டும் எங்கட பெடியளின் ஓட்டமும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஓடுகிற தம்பி தங்கச்சிமாரும், அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து பார்சல் அனுப்புகிற அண்ணாமார், மாமாமாரும் பொறுமையாக வாசியுங்கோ.

பின்னேரங்களில் பண்ணைப் பாலத்திலும் வேலணை, ஊர்காவற்றுறை ரோட்டுகளிலும் ஓடுகிறவர்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. சிலர் 10 கிலோமீற்றர் ஓடுகிறார்கள், சிலர் 21 கிலோமீற்றர் அரை மரதனுக்குத் தயாராகிறார்கள். அவர்களிடமிருந்து இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "சேர், தொடையில ஒட்டுற கரண்ட் மெஷின் வாங்கினா ஓட்டம் கூடுமோ?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயப்பட்ட காலுக்கு அது மருந்து. நல்ல காலுக்கு அது தேவையில்லாத செலவு. எங்கள் தீவுகளில் இருந்துகொண்டு அதைத் தாறுமாறாகப் பாவித்தால் ஆபத்தும் உண்டு.

அந்த மெஷின் என்ன செய்கிறது? தோலில் ஒட்டும் பட்டி வழியாகச் சின்னக் கரண்ட் போய் நரம்பைத் தூண்டுகிறது, தசை தானாக இறுகுகிறது. இத்தாலியில் கல்வானி என்பவர் தவளைக் காலில் இதைக் கண்டு 1791 இல் எழுதினார். 1970களில் சோவியத் நாட்டு விஞ்ஞானி யாகோவ் கொட்ஸ் இதை விளையாட்டு வீரர்களுக்குக் கொண்டுவந்தார். 10 செக்கன் இறுக்கம், 50 செக்கன் ஓய்வு, இப்படிப் பத்து முறை என்பது அவருடைய முறை. தசைப்பலம் 30, 40 வீதம் கூடியதாகச் சொன்னார். பிறகு மற்ற நாடுகளில் செய்துபார்த்தவர்களுக்கு அந்தளவு பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் தசைப்பலம் ஓரளவு கூடும் என்பது உண்மைதான்.

அப்படியென்றால் ஓட்டமும் கூடும்தானே என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடுவது தொடைப் பலத்தால் மட்டும் நடக்கும் காரியம் இல்லை. இருதயம் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது, தசை எவ்வளவு ஒட்சிசனைப் பாவிக்கிறது என்பதுதான் பெரும்பங்கு. கட்டிலில் படுத்துக்கொண்டு தொடைக்குக் கரண்ட் கொடுத்தால் இருதயத்துக்கு ஓட்டத்தில் கிடைக்கும் வேலை கிடைக்காது.

இன்னொரு விஷயம். நாங்கள் மெதுவாக ஓடும்போது மூளை முதலில் களைக்காத சின்ன இழைகளைத்தான் வேலைக்குக் கூப்பிடும். வேகம் கூடக் கூட மற்றவற்றைச் சேர்க்கும். ஒன்று களைத்தால் இன்னொன்றை மாற்றும். மெஷினுக்கு இந்த முறை தெரியாது. பட்டிக்குக் கீழே அகப்பட்ட இழைகளை எல்லாம் ஒன்றாக, திரும்பத் திரும்ப அடிக்கும். அதனால் தசை கெதியில் களைத்துவிடும். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு வேண்டிய பழக்கம் இதற்கு நேர்மாறானது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழகத்தார் பொழுதுபோக்காக ஓடும் 12 ஆண்களை வைத்து 6 வாரம் செய்த ஆய்வை 2018 இல் வெளியிட்டார்கள். முழு உடம்புக்கும் கரண்ட் உடுப்புப் போட்டுப் பயிற்சி செய்தவர்களின் ஓட்டத் திறன் கூடியது என்பது அதன் முடிவு. நல்ல செய்திதான். ஆனால் அது 12 பேர் மட்டுமே, ஆய்வாளரின் மேற்பார்வையில் நடந்தது, அவர்கள் ஓடுவதை விட்டுவிடவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு, ஒன்லைனில் வாங்கும் பெல்ட்டை வீட்டில் தனியாகக் கட்டினாலும் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது.

ஓடி முடிந்ததும் கால் நோவு மாற இது நல்லதென்றும் விற்கிறார்கள். கட்டியிருக்கும்போது சுகமாக இருக்கலாம். ஆனால் அடுத்த நாள் ஓட்டத்துக்கு, மெதுவாக நடந்து இளைப்பாறுவதைவிட இது மேல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. வயிற்றுப் பெல்ட்டின் கதை இன்னும் மோசம். உடற்பயிற்சி இல்லாமலே வயிறு குறையும் என்று விளம்பரம் செய்த மூன்று பெல்ட்டுகளுக்கு எதிராக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2002 இலேயே நடவடிக்கை எடுத்தது. அதே கதை இப்போது எங்கள் போன்களுக்கு விளம்பரமாக வருகிறது.

இனி ஆபத்து. கரண்டைக் கூட்டி, உடம்பு முழுக்க, முதல் நாளே அளவுக்கு மிஞ்சிப் பாவித்தால் தசை இழைகள் உடைந்து அதன் கழிவு இரத்தத்தில் கலக்கும். ராப்டோமயோலைசிஸ் என்று டொக்டர்மார் சொல்வார்கள். அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இஸ்ரேலில் ஜிம் ஒன்றில் இப்படிச் செய்து வைத்தியசாலைக்குப் போன வாலிபரைப் பற்றி 2016 இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் டொக்டர்மார் எழுதி, இதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். தாங்க முடியாத தசைநோவும், தேத்தண்ணி நிறத்தில் சிறுநீரும் இதன் அடையாளம்.

கொழும்பில் ஒருவருக்கு இது வந்தால் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போகலாம். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இரவில் வந்தால்? படகு வேண்டும், கடல் அடங்கியிருக்க வேண்டும், குறிகட்டுவானில் இறங்கி யாழ்ப்பாணம் மட்டும் போக வேண்டும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். வெயிலில் ஓடித் தண்ணி குறைந்த உடம்பில் இந்த ஆபத்து இன்னும் கூடும். நோன்பு காலத்தில் பகலில் இதைக் கட்டிப் பார்க்க நினைக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு விசேடமாகச் சொல்கிறேன், வேண்டாம். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. நெஞ்சிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் ஒட்டக் கூடாது. சீனி வருத்தத்தால் கால் விறைத்தவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடலாம்.

இந்த மெஷின் உண்மையில் யாருக்கு? முழங்கால் ஒப்பரேஷன் செய்து தொடை மெலிந்தவருக்கு, பாரிசவாதம் வந்து கால் தூக்க முடியாதவருக்கு, தானாகத் தசையை இறுக்க முடியாத நோயாளிக்கு. பிசியோதெரபிஸ்ட் அளவு பார்த்து வைப்பார். ஓடி முழங்கால் பழுதான தம்பிமார் யாரும் இருந்தால் முதலில் அவரிடம் போங்கோ. மெஷின் வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.

காலுக்குப் பலம் வேண்டுமென்றால் வீட்டு வாசற்படி போதும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிக்காலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கோ. 15 தரம், மூன்று முறை. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருங்கோ. வாரத்தில் இரண்டு நாள் காணும். ஓட்டத்தில் பெரும்பகுதியைப் பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கோ. சோளகக் காற்று நாட்களில் போகும்போது காற்றுக்கு எதிராகவும் திரும்பும்போது காற்றோடும் வாருங்கோ. அந்தக் காற்றைவிடப் பெரிய மெஷின் எங்களுக்கு வேண்டாம்.

2023 இல் முல்லைத்தீவு முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய், மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் எடுத்ததை எல்லோரும் பகிர்ந்தோம். அந்த வயதில் அந்தத் தூரம் போகத் தேவையான இருதயமும் மூச்சும் பார்சலில் வராது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த பெல்ட்டைப் பற்றிக் கேட்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். ரோட்டில் ஓடினால் ஊர் கதைக்கும், பின்னேரம் நடக்க இடமில்லை, வீட்டுக்குள் ஏதாவது செய்யலாமா என்றுதான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குறை எங்களில். பள்ளிக்கூட மைதானத்தைக் கிழமையில் மூன்று பின்னேரம் பெண்களுக்கென்று ஒதுக்க ஏன் முடியாது? பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து கதைத்தால் முடியக்கூடிய காரியம்.

வெளிநாட்டு உறவுகளே, உங்கள் அன்பு விளங்குகிறது. மெஷின் அனுப்ப வைத்திருக்கும் காசுக்கு ஒரு நல்ல ஓட்டச் சப்பாத்தும், இருட்டில் வாகனக்காரருக்குத் தெரியும் மின்னும் மேலங்கியும் அனுப்புங்கோ. பாலத்தில் ஓடுகிற பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு.

மைதான விஷயத்தில் என்னோடு சேர்ந்து கதைக்க வரக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கோ. மற்றவர்கள் ஓடுகிற ஒருவருக்காவது இதைப் பகிருங்கோ.