கைக்கு வசப்படாத கருவி எதற்கு?

கட்டட வேலை நடக்கும் இடத்தைச் சற்றே கவனியுங்கள். கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபைக் கொண்டே மட்டம் பார்க்கிறார். அதற்குப் படிப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சிமெண்ட் படிந்த கையாலும் பிடிக்கலாம். ஆகவேதான் அது நிலைத்தது.

மாறாக, நூறு நாள் வேலைத் திட்டத்தில் 1.1.2023 முதல் செல்போன் வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. வேலையிடத்தில் நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் இல்லாத இடங்களில் படம் ஏறாமல் கூலி போயிற்று என்று தொழிலாளர்கள் முறையிட்டனர். அலுவலக வசதிக்குச் செய்த கருவி, மண் சுமப்பவரின் வயிற்றில் அடித்தது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பணம் வந்ததைத் தமிழில் சொல்லும் ஒலிப்பெட்டியை மளிகைக் கடைகள் ஏற்றுக்கொண்டன. எடை போடும் கையை அது நிறுத்துவதில்லை. பில் போடவும் மூட்டைக் கணக்கு வைக்கவும் சாஃப்ட்வேர் விற்க வருவோரிடம் நாம் ஒன்றே சொல்வோம்: கடைப் பையனிடமும் கிட்டங்கியில் சரக்கு இறக்குபவரிடமும் கொடுத்து ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்கள். அவர்கள் கையில் ஓடினால் பணம் தருகிறோம். முதலாளி மேசையில் மட்டும் ஓடுவது நமக்கு வேண்டாம்.